நாலு எழுத்துப் பூட்டு

இப்போது வரும் கார்களுக்குச் சாவியைக் கையில் எடுக்கவே வேண்டாம். பையில் வைத்துக்கொண்டு கதவருகே போனால் வண்டி திறக்கிறது, பொத்தானை அமுக்கினால் ஓடுகிறது. என் மருமகன் அதைக் காட்டி, "இதுக்கு இன்னா பண்ணுவீங்க மாமா?" என்று கிண்டல் செய்தார். அவர் குளிக்கப் போயிருந்தபோது அந்தச் சாவியைப் பிரித்து, உள்ளே இருக்கிற தகட்டையும் பட்டன் அளவு பாட்டரியையும் பார்த்துவிட்டு, பிரித்த அடையாளமே தெரியாமல் மூடி வைத்தேன். அவருக்கு இன்றுவரை தெரியாது.

நான் மூன்றாவதோடு நின்றவன். அப்பா மில்லில் நூல் ஓட்டினவர். சைக்கிள் பூட்டில் ஆரம்பித்து, மார்க்கெட்டுப் பக்கம் ஆறடிக் கடை போட்டு, எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் கார் சாவி என்றால் நான்தான் என்று ஆக்கினேன். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. மிஷினும் கிடையாது. பித்தளைத் தகட்டை வைஸில் கட்டி, அரத்தால் ராவி, பல்லுக்குப் பல் எடுப்பேன். அம்பாசிடருக்கு இரண்டு சாவி, கதவுக்கு ஒன்று, ஸ்டார்ட் பண்ண ஒன்று. நாள்பட்ட டாக்சிகளில் சாவித் துவாரம் தேய்ந்துபோய், ஒருவன் சாவியை இன்னொருவன் வாங்கிப் போட்டு ஓட்டுவான். ஓடும்போதே சாவியை உருவி எடுக்கலாம், இஞ்சின் நிற்காது. பாலத்துச் சரிவு வந்தால் இஞ்சினை ஆப் பண்ணிவிட்டுச் சும்மா உருட்டி விடுவார்கள். பெட்ரோல் மிச்சம். நம் டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா கப்பலில் ஒரு கார் கொண்டுவந்திருந்தார். புதுச்சேரியிலேயே சாரம் என்ற பகுதியில் வீடு. அந்த வண்டிக்கு ஒரே சாவி. கதவுக்கும் அதுதான், இஞ்சினுக்கும் அதுதான், ஸ்டீரிங்கைப் பூட்டுவதும் அதேதான். சாவியை எடுத்துவிட்டு ஸ்டீரிங்கைத் திருப்பினால் உள்ளே ஒரு முள் இறங்கிக் கடக்கென்று பிடித்துக்கொள்ளும். திருடன் வண்டியை ஓட்ட முடியாது. அதை அவர் அந்த்திவோல் என்று சொன்னார். நம் ஊர் வண்டிகளில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அவர் ஆறு மாதம் பிரான்சுக்குப் போக வேண்டியிருந்தது. வண்டி சும்மா நின்றால் பாட்டரி செத்துவிடும், வாரம் இரண்டு தடவை ஓட்டி வைக்க நல்ல ஆள் வேண்டும், மாற்றுச் சாவி ஒன்றும் வேண்டும் என்று என்னிடம் வந்தார். ஆளையும் நானே சொன்னேன். எங்கள் தெருக்காரன், டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன், குடிக்க மாட்டான், என்னை அண்ணே என்று கூப்பிடுவான். சாவியை இரண்டு நாளில் முடித்தேன். வெளியூர்க் கடைக்காரர்கள் செய்ய முடியாது என்று கைவிரித்த சாவி அது. போட்டுத் திருப்பினேன், வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது.

சொல்தா சென்னைக்குப் புறப்படும் அவசரத்தில், கடை வாசலில் காரை நிறுத்தி, பூட்டின் முகத்தில் பொறித்திருந்த நாலு எழுத்தையும் எனக்குக் காட்டினார். எஸ், ஜி, எம், டி. எஸ் என்றால் நிற்பது, எம் ஓடுவது, டி ஸ்டார்ட். ஜியைத் தொட்டுக் காட்டி, "காராஜ்" என்று ஆரம்பித்துப் பிரெஞ்சிலேயே கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார். பாதி வாழ்க்கையைப் பிரெஞ்சுக்காரர்களோடு கழித்தவர், அவசரம் வந்தால் தமிழ் அவருக்கு வராது. காராஜ் என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. கடையில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் புரிந்த மாதிரி, ஆமாம் ஐயா என்பதைப் பிரெஞ்சிலேயே "வுய் மிசியே" என்றேன். டிரைவரிடம் எல்லாம் சொல்லிவிடு என்றார். அதற்கும் வுய்தான்.

மறுநாள் டிரைவர் வந்தான். சாவியைக் கையில் கொடுத்து, எடுத்தால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். அது எனக்குத் தெரிந்தது, சொன்னேன். ஜி எதற்கு என்று கேட்டான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஜின்னா காரேஜு. வண்டி ஷெட்டுல நிக்கும்போது மட்டுந்தான் அது. ரோட்டுல அதுல வைக்காத. ஆப் பண்ணணும்னா நேரா எஸ்ஸுக்குப் போயிடு."

அவன் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, அரியாங்குப்பம் வரை போய்த் திரும்பி வந்தபோது, பாலத்துச் சரிவில் வழக்கம்போல இஞ்சினை ஆப் பண்ணினான். நான் சொன்னபடி ஜியைத் தாண்டி எஸ்ஸுக்குக் கொண்டுபோனான். சாவியை எடுக்கவில்லை. எடுக்கவே வேண்டியதில்லை, எஸ்ஸுக்கு வந்தால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சாவியை அரை விரல் வெளியே தள்ளிவிடும். அது போதும், ஸ்டீரிங்கில் முள் இறங்கியது. ரோடு வளைந்தது, வண்டி வளையவில்லை. எதிரே மில் வேலைக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒருவரை அடித்து, மரத்தில் போய் நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. என் அப்பாவோடு வேலை பார்த்தவரின் தம்பி அவர்.

டிரைவர் போலீசில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். சாவியை எடுக்கவில்லை, அது தானாக வந்தது. கள்ளச் சாவிதான் காரணம் என்று ஊரில் பேச்சு எழுந்தது. கள்ளச் சாவி என்றால் என் சாவி. பத்து வருஷம் சம்பாதித்த பெயர். என் கடையை நானே பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். சொல்தா தந்தி கிடைத்துத் திரும்பி வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் முற்றத்தில் வைத்து வண்டியைப் பார்க்கப் போகிறார் என்று சொல்லி, அசல் சாவியையும் மாற்றுச் சாவியையும் போட்டுப் பார்க்க என்னையும் வரச் சொன்னார்கள்.

இரண்டு சாவியையும் பூட்டில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். ஒரே மாதிரி திரும்பின. எஸ்ஸுக்கு வந்ததும் இரண்டையும் ஸ்பிரிங் ஒரே அளவு வெளியே தள்ளியது. இன்ஸ்பெக்டர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழைய ஆள். என் சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அரத்தால் செய்ததா என்று கேட்டு, நல்ல வேலை என்றார். அதை இன்று எழுதும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

பிறகு சொல்தா வண்டிக்குள் உட்கார்ந்து இன்ஸ்பெக்டருக்கு விளக்கினார். நான் ஜன்னலில் குனிந்து நின்றேன். பேச்சு பிரெஞ்சு, ஆனால் கை பேசியது. ஜியில் வைத்தார், இஞ்சின் ஆப். சாவியை உருவிக் காட்டினார். ஸ்டீரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார், பூட்டவில்லை. இஞ்சின் இல்லாமல் வண்டியைத் தள்ளவும் உருட்டவும்தான் அந்த ஜி. நான் டிரைவரிடம் சொன்னது தலைகீழ் என்று அங்கே குனிந்து நிற்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

டிரைவர் தூரத்தில், மரத்தடியில் போலீஸ்காரர் பக்கத்தில் நின்றான். அவனுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நாலு எழுத்தையும் இவன்கிட்ட சொன்னியா?" என்றார்.

"சொன்னேன் சார்."

அவன் பக்கம் திரும்பினார். "சொன்னாரா?"

"சொன்னாரு சார். நாலும் சொன்னாரு. அண்ணன் சொன்னபடிதான் செஞ்சேன், எப்படி ஆச்சின்னு தெரியல."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். வண்டியில் கோளாறு இல்லை, சாவியில் கோளாறு இல்லை, சொல்ல வேண்டியது சொல்லப்பட்டது. மிச்சம் இருந்தது டிரைவர் மட்டும்தான். அவன் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லி அவனை மீட்டுவிடுவேன் என்று எதிர்பார்த்த பார்வை. ஜியைப் பற்றி நான் சொன்ன ஒரு வரியைச் சொல்லியிருந்தால் வழக்கு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தான். லைசென்ஸ் போய்விட்டது. நான் அதற்குள் பெரிய ஆளாகிவிட்டேன். இன்ஸ்பெக்டர் வாயால் நல்ல வேலை என்று சொன்னது கடலூர் வரை பரவி, பிரெஞ்சுக்கார வண்டி என்றால் என்னைத்தான் தேடி வந்தார்கள். ஆறடிக் கடை பதினெட்டடி ஆனது.

வெளியே வந்தவன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். என் கடை வழியாகப் போக மாட்டான். இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வந்து நின்றான். தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மூட்டை இறக்கப் போன வீட்டில் அதே மாதிரி வண்டி நின்றதாம், வீட்டுக்காரரிடம் கேட்டானாம்.

"ஜியில வச்சா பூட்டாதாமே அண்ணே."

அரம் கையிலேயே இருந்தது. ஆமாம் என்றேன்.

"நீ தெரியாம சொல்லிட்ட. அத நான் கேக்க வரல. டேசன்ல அந்தாளு கேட்டப்ப, அப்பவாவது உனக்குத் தெரியுமா?"

நான் மூன்றாவது படித்தவன், பிரெஞ்சு தெரியாதவன், அவர்கள் பேசினது எனக்குப் புரியவில்லை என்றால் யாராக இருந்தாலும் நம்புவார்கள். அவனும் நம்புவான் என்பது அவன் முகத்திலேயே இருந்தது.

"தெரியாது" என்றேன்.

"அதான் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அண்ணன் தெரிஞ்சி வுட்டிருக்க மாட்டாருன்னு."

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். மூட்டை வண்டி காத்திருக்கிறது என்றான். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குள் போனான். அதற்குப் பிறகு தினமும் என் கடை வழியாகத்தான் போனான், போகும்போதெல்லாம் அண்ணே என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவான்.