நான்கு கட்டடத்துக்கும் ஒரே மணி

தைனானில் கால்வாயை ஒட்டி நிற்கும் அந்த நான்கு அடுக்குமாடிகளுக்கும் முன்பெல்லாம் தனித்தனி அலாரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். முதல் கட்டடத்து மணி மழை ஈரத்துக்கே கத்தும். மூன்றாவது, யார் மீனைக் கருக்கினாலும் வாயைத் திறக்காது. இரண்டாவது கட்டடத்து மணியின் குணம் அதன் காவலாளி ஆங் சின்-ஹோக்குக்குத்தான் அத்துப்படி.

சின்-ஹோக் மெலிந்த மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். வேலைக்கு வந்ததும், வாசல் ஓரத்தில் அந்த இடத்தைக் காக்கும் நிலச்சாமிக்கு ஊதுபத்தி கொளுத்தி, சாமியின் கிண்ணத்தில் புதுத் தேநீர் ஊற்றிய பிறகுதான் தன் தேநீரைக் குடிப்பார். பொய் பேசாதவர் என்று நான்கு கட்டடத்திலும் பெயர். அந்தப் பெயர்மேல் அவருக்குக் கொஞ்சம் ஆசையும் உண்டு.

இரண்டாவது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் யோக்-லான் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். கடைக்காரர்கள் எல்லாரையும் போல அவளும் மாதத்தில் இரண்டு நாள் வாசலில் மேசை போட்டு, பழமும் கோழியும் படைத்து, சாமிக்குப் பணமாகப் போய்ச் சேரும் என்று தகர டப்பாவில் பொன்தாள் எரிப்பாள். புகை மாடிப்படி வழியே ஏறும். உடனே அலாரம் கத்தும், மேலேயிருந்து வசவு விழும். ஆகவே தீக்குச்சி உரசும் முன்பே குரல் கொடுப்பாள்.

"அண்ணே, மணியச் செத்த நேரம் தூங்க வையுங்க. சாமிக்குப் பணம் அனுப்பணும்!"

"எனக்கும் சேத்து அனுப்பும்மா. அங்க போனா செலவுக்கு வேணும்ல" என்பார் சின்-ஹோக். சுவிட்சைத் தள்ளிவிட்டு, சாம்பல் ஆறியதும் திரும்பப் போடுவார். வருஷக்கணக்காக இப்படித்தான். அதையும் ஒரு பூஜைக் காரியம் என்றே அவர் நினைத்திருந்தார்.

பிறகு குடியிருப்புச் சங்கத் தலைவர் லியாவ், நான்கு அலாரங்களையும் ஒன்றாக இணைத்து, வெளிக்கதவுக்குப் பக்கத்து அறையில் ஒரே கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். மற்றக் காவலாளிகள் வயதாகி நின்றுகொள்ள, அந்த அறை சின்-ஹோக்கின் பொறுப்பாயிற்று. அலாரங்களை இணைக்கும் ஒயர் வேலைக்கு வந்தவன் யாப் கியான்-பிங். நாற்பது வயது, எந்நேரமும் பாக்கு மெல்லும் வாய். கட்டடம் கட்டடமாக ஒயர் இழுத்து, கூரை கூரையாக ஏறி, கடைசி நாளில் சின்-ஹோக்கைப் பலகைமுன் நிறுத்திப் பாடம் சொன்னான்.

"வெளக்கு மட்டும் தனித்தனி, அண்ணே. சத்தத்தை நிறுத்துற சுவிட்ச் நாலுக்கும் ஒண்ணுதான். இதைத் தொட்டா நாலு கட்டடமும் ஊமை. வெளங்குச்சா?"

பின்னால் சுவரில் துளை போடும் சத்தம். சின்-ஹோக்குக்குப் பாதிதான் காதில் விழுந்தது. திருப்பிக் கேட்டால், இந்த ஆளுக்கா இந்த அறை என்று நினைத்துவிடுவானோ என்ற வெட்கம். "வெளங்குச்சு, வெளங்குச்சு" என்று தலையாட்டிவிட்டார்.

அடுத்த படையல் நாளின் பிற்பகல். யோக்-லான் குரல் கொடுத்தாள். சின்-ஹோக் சுவிட்சைத் தள்ளினார். தள்ளியது இரண்டாவது கட்டடத்தை மட்டும் என்றுதான் அவர் எண்ணம். வெளியே வந்து அவளோடு தாள்களை விசிறி விசிறித் தீயில் போட்டார். அவள் கொடுத்த வேர்க்கடலை மிட்டாயையும் வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத அறையில், நான்காவது கட்டடத்தின் சிவப்பு விளக்கு சத்தமில்லாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அங்கே மூன்றாம் மாடியில் தேங் பூ-ஜின் தனியாக இருப்பவர். பழைய பஸ் டிரைவர். புத்தாண்டுக்கு நான்கு கட்டடக் கதவுகளுக்கும் சிவப்புத் தாளில் வாழ்த்து எழுதித் தருபவர் அவர்தான். அடுப்பில் பன்றிக்கால் சூப்பை வைத்துவிட்டு அசந்து தூங்கியிருக்கிறார். சட்டி வற்றிக் கருகி, பக்கத்துத் துணியில் தீ பிடித்திருக்கிறது. எழுப்ப மணி இல்லை. நெஞ்சை அடைத்த புகைதான் அவரை எழுப்பியது. எரிகிற துணியை வலது கையாலேயே பிடித்து இழுத்திருக்கிறார்.

நான்காவது கட்டடத்து ஜன்னலில் புகையைப் பார்த்ததும் சின்-ஹோக் ஓடினார். கதவை உடைத்து, தேங்கை முதுகில் சுமந்து இறங்கினார். கீழே வந்ததும்தான் உறைத்தது: இவ்வளவு புகைக்கும் ஒரு மணிகூடக் கத்தவில்லையே! துளைச் சத்தத்தில் அரைகுறையாகக் கேட்ட பேச்சு அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. நாலு கட்டடமும் ஊமை.

அக்கம்பக்கத்தார் தீயை அணைத்துப் புகையும் அடங்கியதும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் அறைக்குள் போனார்; சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. கை தானாகப் போய்ச் சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளியது.

மறுநாள் கியான்-பிங்கை வரவழைத்தார்கள். அவன் ஒவ்வொரு மாடியிலும் புகை காட்டிப் பார்த்தான். எல்லாம் கணீரென்று அடித்தது. பாக்கைத் துப்பிவிட்டு வந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, நேத்து அந்தச் சுவிட்சைத் தொட்டீங்களா?"

"இல்லையே."

"நீங்க சாமி கும்பிடுற மனுசன். நீங்க சொன்னா சரிதான். அப்ப என் இணைப்புலதான் எங்கயோ கோளாறு."

தலைவர் லியாவ் விடவில்லை. "மெல்லுற பாக்குல இருக்குற கவனம் ஒயர்ல இல்ல போல!" என்றார் எல்லார் முன்னாலும். "மூணு நாளுக்குள்ள கோளாறு எதுன்னு காட்டு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குறோம். உன்னப் பத்திப் பக்கத்துக் குடியிருப்புலயும் சொல்லிடுவேன்." கியான்-பிங் இடுப்பு வளைய வணங்கி மன்னிப்புக் கேட்டான். வணங்கிய தலை சின்-ஹோக் நின்ற பக்கம்தான் இருந்தது. அவர் ஒரு அடி விலகி நின்றார்.

ஆஸ்பத்திரியில் தேங் இடது கையால் சின்-ஹோக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பெத்த புள்ள அமெரிக்காவுல. சுமந்தது நீ." சின்-ஹோக் கொண்டுபோன கொய்யாவை வைத்துவிட்டு, உட்காரக்கூட முடியாமல் திரும்பினார்.

யோக்-லான் வாசலில் மடக்கினாள். "அண்ணே, வாயத் தொறந்துடாதீங்க. சாமிக்காகத்தானே நிறுத்துனோம், சாமி பாத்துக்குவார்."

"மணிய நிறுத்துன்னு சாமி உங்கிட்டக் கேட்டாரா யோக்-லான்? எங்கிட்டக் கேக்கல."

அவளிடம் அப்படிச் சொன்னாரே தவிர, வாயைத் திறக்கத் துணிவில்லை. நிலச்சாமியின் முன்னால் மண்டியிட்டு, சாமியிடம் குறி கேட்கும் பிறைக்கட்டை இரண்டையும் கையில் எடுத்தார். பேசாமல் இருந்துவிடலாமா என்று கேட்டுப் போட்டார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் மல்லாந்து விழுந்தன; கேள்வியைக் கேட்டுச் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். திரும்பப் போட்டார். திரும்பவும் சிரிப்பு. பதில் தெரிந்துகொண்டே கேட்டால் சாமிதான் என்ன செய்வார். முகம் சுட, கட்டைகளை எடுத்து வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் கியான்-பிங் கூரைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. சங்கத்து ஆட்களும் நின்றார்கள். சின்-ஹோக் போய் அவன் ஏணியைப் பிடித்தார்.

"எறங்கு தம்பி. கோளாறு மேல இல்ல."

எல்லாரையும் அறைக்குக் கூட்டிப்போனார். கியான்-பிங்கை ஊதுபத்திப் புகை காட்டச் சொன்னார், மணி அடித்தது. சுவிட்சைத் தள்ளினார். நான்கு கட்டடமும் ஊமையாயின.

"அன்னைக்கும் இப்படித்தான். தள்ளுனதும் நான், திருப்பிப் போட்டதும் நான். இல்லைன்னு சொன்னதும் நான்தான்." யோக்-லான் பெயரை அவர் எடுக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்ற அவள்தான், "பொன்தாள் எரிச்சது நான்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லியாவ் மட்டும், "தேங்கைக் காப்பாத்துனதுக்கு உங்களுக்குப் பட்டுத்துணியில பாராட்டு எழுதச் சொல்லியிருந்தேன்" என்று முணுமுணுத்தார். கியான்-பிங் சின்-ஹோக்கின் பக்கம் திரும்பினான். "அண்ணே, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உங்களுக்காகப் பேசியிருப்பேன்" என்றான். அதற்கப்புறம் 'அண்ணே' என்று அவன் கூப்பிடவே இல்லை.

தேங்கிடமும் அவரே போய்ச் சொன்னார். கிழவர் கட்டுப்போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். "கொய்யா இனிப்பாத்தான் இருந்துச்சு" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

வேலையை விட்டு அவரை நீக்கவில்லை. அடுத்த படையல் நாளில் யோக்-லான் வழக்கம்போல வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டாள்.

"நீ எரிம்மா" என்றார் சின்-ஹோக். "மணி அடிச்சா அடிக்கட்டும்."

அடித்தது. இரண்டாவது கட்டடத்து ஜன்னல்களெல்லாம் திறந்தன. "யோவ் காவக்காரா, செவிடா நீ? நிறுத்துய்யா!" சின்-ஹோக் முற்றத்தின் நடுவில் நின்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். தீ அடங்கும்வரை சுவிட்சைத் தொடவில்லை. நான்காவது கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தேங்கும் ஜன்னலருகே நின்றிருந்தார், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி. அவர் திட்டவும் இல்லை, ஜன்னலைச் சாத்தவும் இல்லை. அந்தப் பக்கம் மட்டும் சின்-ஹோக்கால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மற்ற ஜன்னல்களுக்குக் குனிந்ததைவிடத் தாழ அந்த ஜன்னலுக்குக் குனிந்தார்.