விமானத்துக்கு வெள்ளி பூசுகிறவள்

பிளாஸ்டிக்கை அலுமினியம் என்று நம்ப வைப்பது சுகமான வேலை. அதைச் செய்தது நான்தான் என்று நம்ப வைப்பதுதான் கஷ்டம்.

வீட்டிலிருந்து கேக் அடிக்கிற, சட்டை தைக்கிற, மருதோன்றி போடுகிற சகோதரிகளே, உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முந்தின லீவில் மகளின் வாப்பா, என் மனிசர், கட்டாரில் இருந்து ஒட்டிச் செய்கிற விமானப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். திறந்தால் எல்லாம் துண்டு துண்டாகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவள் சக்கரத்தை வாயில் போட்டாள், அதைப் பிடுங்கி நான் ஒட்டினேன். கூட இருந்த ஆங்கிலத் தாளை எனக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தேன், போனில் வெள்ளைக்காரர் செய்வதைப் பார்த்தேன், கை பழகிவிட்டது. இப்போது சாய்ந்தமருது தொடக்கம் மருதமுனை வரைக்கும், வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில் நிற்பது அநேகமாக என் விமானம்தான்.

எனக்கு அந்நிய ஆக்களோடு கதைக்க வராது. ஹோலுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு திரை தொங்குகிறது; ஓடர் கதைப்பதெல்லாம் அதற்கு அந்தப் பக்கம், பெயின்ட் அடிப்பது இந்தப் பக்கம். முன்பு உம்மா கதைப்பார். கடைசி லீவில் வந்தபோது என் மனிசர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். வந்த அன்றே ஒன்று சொன்னார்: இரண்டு மாத லீவு முடிய முதல் இந்தத் தொழில் ஒழுங்காக ஓடத் தொடங்கினால் திரும்பிப் போகமாட்டாராம். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருசம். ஆகவே அந்த இரண்டு மாதமும் யார் என்ன சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கரிச்சட்டி

வெள்ளிப் பெயின்ட் கண்ணாடி போல மினுங்க வேண்டுமென்றால் அதற்கடியில் பளபளவென்று கறுப்பு அடிக்க வேண்டும். இதை விளங்கப்படுத்தியே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. பக்கத்து வீட்டுச் சரீனா ராத்தா, மனிசர் ஜித்தாவுக்குப் போன மறுகிழமை ஓடர் தந்தவர், சரியாகக் கறுப்புக் காய்கிற நாள் பார்த்து வந்து நின்றார். அறைக்குள் எட்டிப் பார்த்தவரின் முகம் போன போக்கில் நான் பயந்து தண்ணீர் கொடுத்தேன். கறுப்புக்கு மேலேதான் வெள்ளி பிடிக்கும், நாளைக்கு வந்து பாருங்கள் என்று மூன்று தரம் சொன்னேன். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"என்ட மனிசன் வெள்ளப் பிளேன்லதான் போனாரு, நான் கண்ணால பாத்த. நீ ஏன்கா அவரக் கரிச்சட்டிக்குள்ள ஏத்தி வெச்சிரிக்காய்?"

நுளம்பு வலை

கடற்கரை எங்கள் வீட்டுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி. காற்றோடு மணலும் வரும். வெள்ளியில் ஒரு தூசி ஒட்டினாலும் முகத்துப் பரு மாதிரித் தெரியும். அதனால் கட்டிலில் நுளம்பு வலையை இறக்கி, வாயையும் மூக்கையும் துணியால் கட்டி, உள்ளே குந்திக்கொண்டுதான் ஸ்பிரே அடிப்பேன், பட்டப்பகலில்.

அப்படி இருக்கும்போது மாமி, அவரின் உம்மா, வந்தார். வலைக்குள் ஒரு உருவம், வாயில் துணி, ஒரு மருந்து மணம். டெங்கு என்று தானே முடிவெடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் போனார். அரை மணித்தியாலத்தில் பப்பாசி இலையை இடித்துச் சாறு எடுத்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் இல்லை மாமி, விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று வலையைத் தூக்கிக் காட்டினேன். மாமி விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பையை நீட்டினார்:

"காய்ச்சலெண்டா ஒரு கிழமையில மாறும் மகள். இதுக்குத்தான் நீ குடிக்கோணும்."

பெருவிரல்

ஈரமா காய்ந்ததா என்று கண்ணால் பார்க்கிற ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. பென்சன் எடுத்த மாஸ்டர் ஒருவர், தன் ஓடரைப் பார்க்க வந்த முதல் நாளே இறக்கையில் பெருவிரலை வைத்து அழுத்தினார். மற்றப் பெயின்ட் என்றால் அந்த இடத்தை மட்டும் தொட்டுத் திருத்தலாம். வெள்ளிக்கு அது சரிவராது. இறக்கை முழுவதையும் துடைத்து, தேய்த்து, கறுப்பில் இருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் முறை வந்தார், அதே விரல், அதே இறக்கை. மூன்றாம் முறை என் மனிசர் முன்யோசனையாக சலாம் சொல்லிப் பிடித்த கையை விடாமலே வைத்திருந்தார். மாஸ்டர் இடது கையைப் பாவித்தார். பிறகு விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்வது போல ஆறுதலாகச் சொன்னார்:

"மூணு தரமும் காயல்ல. உங்கட பெயின்ட்லதான் ஏதோ பிழ இரிக்கி தம்பி."

நாலு வெள்ளி

உண்மையான உலோக விமானம் ஒரே வெள்ளியாக இருக்காது. மூக்குப் பக்கம் பளிச்சென்று இருக்கும், என்ஜின் பக்கம் சூடு பட்டு மங்கி மஞ்சளடிக்கும், தகட்டுக்குத் தகடு நிறம் மாறும். டேப் ஒட்டி ஒட்டி நாலு வகை வெள்ளி அடிப்பேன். கழுத்து ஒடியும். அதைப் பார்க்கிற ஆள் முதலில் கேட்பது, பெயின்ட் இடையில் முடிந்துவிட்டதா என்றுதான்.

பாண்டிருப்பில் இருந்து வந்த ஒரு உத்தியோகத்தரும் அதையே கேட்டார். கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிற என் மனிசர், பெயின்டை ஒரு நாளும் கையால் தொடாதவர், பதில் சொல்லத் தொடங்கினார். மேலே போகப் போக வெயில் கூடுமாம், அதனால் முதுகு வேறு நிறம், வயிறு வேறு நிறமாம். அலுமினியத்துக்குக் கோடை காலம், மழைக் காலம் எல்லாம் உண்டாம். திரைக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். உத்தியோகத்தர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பேச்சு அடங்கட்டும் என்று இரண்டு தேத்தண்ணியைத் திரையின் ஓரத்தால் நீட்டினேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மனம் குளிர்ந்து சொன்னார்:

"அருமையான வேல தம்பி. மனிசியும் நல்லா ஒத்தாச செய்யிறா."

ஹாஜியார் முகம் பார்த்தது

லீவு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பெரிய ஓடர் ஒன்றை முடித்தேன். மக்காவுக்கு உம்ரா செய்ய ஆள் அனுப்புகிற ஒரு ஹாஜியார், கல்முனை பஸாரில் உள்ள தன் அலுவலகக் கண்ணாடிக்குள் வைக்க ஒரு முழ நீளத்தில், முழுக்க வெள்ளி அடித்த விமானம் கேட்டிருந்தார். பிடித்தால் மற்ற மூன்று கிளைக்கும் நீங்கள்தான், தெரிந்த இடமெல்லாம் சொல்லியும் விடுவேன் என்றிருந்தார். இவர் போவதா நிற்பதா என்பது அந்த ஒரு முழத்தில்தான் தங்கியிருந்தது.

ஹாஜியார் வந்தார். தொடவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். குனிந்து இறக்கையைப் பார்த்தார். அதில் தன் முகம் தெரியவும் தொப்பியைச் சரிபண்ணினார், தாடியைத் தடவினார். பிறகு இவரைக் கட்டிப்பிடித்தார்.

எங்கள் ஊரில் கெட்டித்தனத்துக்குக் கொடுக்கிற பெரிய பரிசு விசாதான். நன்றாகச் சமைத்தால் விசா, நன்றாக வயரிங் செய்தால் விசா, ஒன்றுமே தெரியாவிட்டால் இன்னும் கெதியாக விசா. ஹாஜியார் பொக்கெட்டில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். ரியாதில் அவருடைய கூட்டாளியின் வாகனப் பட்டறைக்கு ஸ்பிரே பெயின்டர் ஒருவர் அவசரமாகத் தேவையாம். இப்படிப்பட்ட கை ஊருக்குள் கிடந்து வீணாகக் கூடாதாம். பாஸ்போர்ட்டை இப்பவே எடுத்துவரட்டாம்.

இரண்டு மாதமாக ஊருக்கெல்லாம் அலுமினியப் பாடம் எடுத்த இவர், அது என் கை இல்லை என்று எந்த வாயால் சொல்வார்? "பாப்பம் ஹாஜியார்" என்றார். அந்தப் 'பாப்பம்' எனக்குத் தெரியும். கட்டார் விசா வந்தபோதும் அதைத்தான் சொன்னார். பதினைந்தாம் நாள் பிளேன் ஏறிவிட்டார்.

அதுவரைக்கும் வெளி ஆம்பிளைகளோடு நான் கதைத்த ஒரே சொல், பஸ்ஸில் கொண்டக்டருக்குச் சொல்கிற 'இறக்கம்'. திரையை விலக்கிக்கொண்டு ஹோலுக்குள் வந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினேன். நகக்கண்ணெல்லாம் வெள்ளி.

"இந்தக் கைதான், ஹாஜியார், பெயின்ட் அடிச்ச. அவருக்குத் தின்னர் மணமே ஒத்துவராது. ரியாதுக்குப் போனா மூணாம் நாள் திருப்பி அனுப்புவாங்க."

ஹாஜியார் என் நகத்தைப் பார்த்தார். இவரின் நகத்தைப் பார்த்தார். பெருநாளுக்கு வெட்டின மாதிரிச் சுத்தமாக இருந்தது. இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஓம், அவதான் எல்லாம் என்றார். ஹாஜியார் காகிதத்தை மடித்தார். கொஞ்சம் யோசித்தார். திரும்ப விரித்தார்:

"அப்ப விசாவத் தங்கச்சிட பேருக்கு மாத்தச் சொல்லட்டா?"

விசா வேண்டாம் என்று சொல்லி, மூன்று கிளைக்கும் ஓடரை வாங்கி, கட்டார் கொம்பனிக்கு 'வரமாட்டார்' என்று அறிவித்து ஏழு மாதமாகிறது, சகோதரிகளே. இப்போது என் மனிசர் கிணற்றடியில் குந்தி என் இறக்கைகளைத் தேய்த்துத் தருகிறார், யாராவது கேட்டால் மட்டும் "நாங்க ரெண்டு பேரும்தான் செய்யிற" என்கிறார்.