கிருபை ஊற்று

பெரியப்பா மண்கரை போட்டுத் தேக்கிய அந்தத் தண்ணீரை யாரும் கண்மாய் என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். 'லேக்' என்றுதான் சொல்ல வேண்டும். கண்மாய் என்றால் வயலுக்குப் பாயணும், மாடு குளிப்பாட்டணும், ஊரான் வந்து உரிமை பேசுவான். லேக் என்றால் படகு விடலாம். பஞ்சு வியாபாரத்தில் நாலு காசு பார்த்து, கொடைக்கானலுக்கும் ஒருதரம் போய்த் திரும்பிய மனிதருக்குப் படகு இல்லாமல் எப்படி?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தில் எங்கள் மாந்தோப்பு. அதற்குள் ஓடிய ஓடையை மறித்துத்தான் கரை போட்டிருந்தார். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தின காலம். எந்தக் கண்மாயிலும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலுங்கு என்று ஒன்று கட்டியிருக்கும். லேக்கில் அது கிடையாது. தானாக வந்த தண்ணீரை எதற்கு வெளியே விடுவது என்பது பெரியப்பாவின் கட்சி. கரையை வருஷா வருஷம் வெட்டிக் கட்டுவது, எலி வளை பார்ப்பது எல்லாம் கண்மாய்க்காரர்கள் சமாச்சாரம். இங்கே கரை மேல் குரோட்டன்ஸ் செடிதான் வைத்திருந்தார்.

கரைக்குக் கீழே இருந்த ஓட்டு வீட்டில் சித்தப்பா குடியிருந்தார். பெரியப்பாவின் கடைசித் தம்பி. அண்ணன் உட்காரச் சொன்னால் உட்காருவார், சொல்லாவிட்டால் பொழுதுக்கும் நிற்பார். சித்திக்கு மகாராஜபுரம். வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, தொட்டிலில் ஒரு ஆண் குழந்தை. பள்ளிக்கூடம் லீவு என்றால் நான் அங்கேதான் கிடப்பேன்.

லேக் நிரம்பிய முதல் வருஷம், சித்தி வீட்டுக்குப் பின்னால், கரையின் காலடியில் மண் ஈரம் கண்டது. அப்புறம் விரல் தண்டிக்குத் தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், குடித்தால் தித்திப்பு. வெயிலையும் புழுதியையும் தின்று வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு, மண்ணிலிருந்து தண்ணீர் வந்தால் சந்தோஷப்படத் தெரியுமே தவிர வேறு எதுவும் தெரியாது. கரைக்கு இந்தப் பக்கம் ஊற்று, அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர். இரண்டையும் சேர்த்து யோசிக்க அந்தக் குடும்பத்தில் ஒரு தலைக்கும் முடியவில்லை. எங்கள் சபைப் பாதிரி ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி வீட்டுக்குப் பேர் வைக்கிற மாதிரி அதற்கும் பேர் வைத்தார்கள். 'கிருபை ஊற்று' என்று கல்லில் வெட்டி நட்டதோடு நிற்காமல், கிருபை தாராளமாக வரட்டும் என்று ஆள் விட்டு வாயை அகலமாகத் தோண்டியும் விட்டார் பெரியப்பா. தோண்டியது கரையின் அடிமண்ணை.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பி பெண்டாட்டி புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் புருஷனிடம் சொல்லி, அவர் அண்ணனிடம் சொல்ல வேண்டும். சித்தி வாயில் எப்போதும் 'அவியகிட்ட சொல்லுங்க' என்பதுதான். சித்தப்பா போய்ச் சொல்வார். ஆனால் அண்ணன் காதுக்கு இதமானதை மட்டும் பொறுக்கிச் சொல்வார்.

அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. சபையின் அறுப்பின் பண்டிகைக்கு வெயில் வந்தது. கோயில் ஆராதனை முடிந்ததும் டவுனிலிருந்து வியாபாரிகளும் சொந்தக்காரர்களும் மாட்டு வண்டியிலும் ஒரே ஒரு மோட்டாரிலும் தோப்புக்கு வந்து இறங்கினார்கள். லேக் கரையின் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. பெரியப்பா கோட்டு மாட்டிக்கொண்டு, வந்தவர்களில் இரண்டு மூன்று பேரோடு படகில் ஏறி உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையோரம் நின்றார்.

நான் சித்தியோடு கீழே ஊற்றில் இருந்தேன். குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி செம்மண் நிறமாக வந்தது. மறுபடி முக்கினாள், இன்னும் சிவந்தது. ஊற்றின் வாயையே செத்த நேரம் பார்த்தாள். துணியை அப்படியே போட்டுவிட்டுக் கரை மேல் ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஊத்து செவப்பாக் கலங்கி வருது. வர வரக் கூடுது. கரை மண்ணு கரைஞ்சு வார மாதிரி இருக்கு," என்றாள் சித்தப்பாவிடம், முக்காட்டை இழுத்துவிட்டபடி. "எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. அவியகிட்ட சொல்லுங்க."

சித்தப்பா படகுப் பக்கம் திரும்பினார்.

"ஊத்து பெருகியிருக்காம் அண்ணாச்சி."

"பெருகாம என்ன செய்யும்? கிருபைன்னு சும்மாவா பேர் வச்சிருக்கோம்," என்றார் பெரியப்பா. படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சித்தி நகரவில்லை. "நான் சொன்னத முழுசாச் சொல்லுங்க."

"செத்த நேரம் சும்மா கெட ஏட்டி. வந்தவுக முன்னால மானத்த வாங்காத," என்று பல்லுக்குள் சொல்லிவிட்டுச் சித்தப்பாவும் படகில் ஏறினார். படகு கரையை விட்டு மலைப் பக்கமாகப் போனது.

சித்தி விறுவிறுவென்று இறங்கினாள். நான் சிவப்புத் தண்ணீரில் காலை விட்டு விளையாட ஆரம்பித்தேன். அது இப்போது கொப்பளித்துக்கொண்டு வந்தது, எனக்குப் படு வேடிக்கை. வீட்டுக்குள்ளிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள், என் சடையைப் பிடித்து ஒரே இழு. உச்சந்தலை பிய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். அழ அழ இழுத்துக்கொண்டு போய், பக்கத்துப் பாறை மேட்டில் உசிலை மரத்தடியில் நிறுத்தினாள். கோபத்தில் அம்மா வீட்டுக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று எனக்கு எண்ணம்.

அப்போதுதான் அந்தச் சத்தம். வண்டியிலிருந்து பஞ்சுப் பொதி சரிகிற மாதிரி ஒரு 'தொம்'. கரையின் நடுவில் குரோட்டன்ஸ் செடிகள் கீழே இறங்கின. அடுத்து அந்த இடத்தில் கரையே இல்லை. தண்ணீர் சுவர் மாதிரிச் செங்குத்தாகப் புறப்பட்டது. சித்தி வீட்டுக் கூரை முழுசாக, ஓடு கலையாமல், பத்தடி நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பிறகு அதைக் காணோம். தொழுவத்தையும் காணோம். பசு ஒருதரம் கத்தியது. கொஞ்சம் முன்னால் நான் கால் நனைத்த இடம் எது என்றே தெரியவில்லை. அழுகை அப்படியே நின்றுபோனது.

கரையில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் சிதறி ஓடித் தப்பித்தார்கள். லேக் வடிந்து கொண்டே போய், தூரத்தில் படகு சேற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. கோட்டு மாட்டிய பெரியப்பா அதில் எழுந்து நின்று வாயைத் திறந்தபடி இருந்தார். சுற்றிலும் மீன்கள் துள்ளின.

சித்தப்பா படகிலிருந்து குதித்தார். இடுப்பளவு சேற்றில் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, கரை உடைந்த வாய்க்கு வந்து சேர்ந்தார். வீடு இருந்த இடத்தைப் பார்த்தார். சித்தியைப் பெயர் சொல்லிக் கத்தினார். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. பிள்ளையைக் கூப்பிட்டார். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி அவளைக் கூப்பிட்டார்.

மரத்தடியில் நாங்கள் அவர் கண்ணில் படவில்லை. எங்களுக்கு அவர் நன்றாகவே தெரிந்தார், ஒவ்வொரு சத்தமும் கேட்டது. நான் "சித்தப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். சித்தியின் கை வந்து என் வாயைப் பொத்தியது. சோப்பும் செம்மண்ணும் வாடை அடித்த கை, மூச்சு முட்டியது. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். சித்தி அசையாமல் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா குரல் கம்மி, வெறும் காற்றாகிப் போய், சேற்றில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.

"இங்கன இருக்கோம்," என்றாள், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில்.

அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு உயிரும் போகவில்லை, பசுவையும் கன்றையும் தவிர. அதையும் கிருபை என்றார் பெரியப்பா. கலியாண வீடுகளில் அந்தக் கதை வரும்போதெல்லாம் சித்தப்பா தலை குனிந்து கொள்வார். "பாவம், பயத்துல அவளுக்குப் பேச்சே வரல," என்று எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். நானும் தலையை ஆட்டுவேன். பேச்சு வராதவள் எதற்கு என் வாயைப் பொத்தினாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.