ஆண்டாள் கோவில் முன்னால் நின்ற ஜெர்மன் கார்

பாண்டிச்செல்வத்துக்கு வாய் ஜாஸ்தி. ராஜபாளையத்தில் அவனைப் போல டிங்கர் வேலை தெரிந்தவன் கிடையாது. அதைத் தினமும் அவனே சொல்லுவான் என்பதுதான் தொந்தரவு. நான் கண்ணுச்சாமி, அவன் பட்டறையில் பெயிண்டர்.

ஒரு மில் முதலாளியின் பஞ்சு குடோனில் முப்பது வருஷமாகக் கிடந்த போர்ஷே காரை அவன் இரும்பு விலைக்கு வாங்கி வந்தபோது தெருவே சிரித்தது. உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. அஞ்சு வருஷம் அதோடு மல்லுக்கட்டினான். அவன் பொண்டாட்டி நாச்சியார் ரெண்டு சீட்டுக்கும் உறை தைத்துக் கொடுத்தாள். கார் பழைய அழகுக்கு வந்துவிட்டது.

ஒரே ஒரு குறை. பின்சக்கரத்தைத் தாங்குகிற சேஸ் சட்டத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். வெல்டு வைத்தால் பக்கத்திலேயே பிளந்தது. வேகத்தில் அது விட்டுப்போனால் சக்கரம் பிடுங்கிக்கொள்ளும், ஆள் மிஞ்சாது. மாற்றுச் சட்டம் ஜெர்மனியிலிருந்து வர ஆறு மாசம் ஆகும். அதற்குள் மதுரையிலிருந்து பல் டாக்டர் வெங்கடேஸ்வரி வந்து காரைப் பார்த்து வாங்க ஆசைப்பட்டுவிட்டார். சிரித்த தெருவுக்குப் பதில் சொல்ல இவனுக்கும் அவசரம்.

"பட்டி வச்சு மூடிக் கறுப்பை அடிச்சிருலே" என்றான். விரிசலில் பட்டிப் பசையை அப்பி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

"அடியில எல்லாம் சுத்தமாண்ணே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கூடப்பொறந்த தங்கச்சிக்குக் குடுக்க மாதிரி குடுக்கேன்மா."

நான் பெயிண்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவி கொடுக்கும் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் முன்னால் பூஜை. வேகம் முப்பதைத் தாண்டாமல் நாங்கள் ரெண்டு பேரும் காரை ஓட்டிப் போனோம். நாச்சியாரை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டான். ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். டாக்டரம்மா ஏறி உட்கார்ந்து பழத்தை நசுக்கிக்கொண்டு நாலடி முன்னால் ஓட்டினார். பாண்டிச்செல்வம் கைதட்டினான். அவர் நாச்சியாரைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, சீட்டு தைச்சது நீங்கதான? ஏறுங்க. மதுரை ரோட்டுல ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம்."

நாச்சியார் ஆசையாகக் கதவைத் திறந்தாள்.

"ஏட்டி, நீ ஏறாத."

அவன் போட்ட சத்தத்தில் பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள்.  அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவமானத்தில் என் தலையும் தொங்கிப்போனது. டாக்டரம்மா என்ஜினை அணைத்துவிட்டு அவனையே பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருந்தால்கூடத் தேவலை. மெல்லத்தான் கேட்டார்.

"நான் ஏறும்போது ஒண்ணும் சொல்லலையேண்ணே."

 பாண்டிச்செல்வம் வெள்ளை வேட்டியோடு ரோட்டில் மல்லாந்து காருக்கு அடியில் போனான். ஒரு திருப்புளியால் கறுப்பைச் சுரண்டினான். நான் வைத்த பட்டி பொடிப்பொடியாக அவன் முகத்தில் உதிர்ந்தது. டாக்டரம்மா இறங்கி வந்து குனிந்து விரிசலைப் பார்த்தார். நாச்சியாரும் பார்த்தாள்.

அவன் வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டே பொண்டாட்டியைத் தேடினான். அவள் காருக்கு அந்தப் பக்கம் போய் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் வரவேயில்லை.