சிவப்பு ஸ்டூல் பிரகடனங்கள்

நேற்று மாலை ஸ்டெல்லாவின் மகள் தன் கல்யாணச் செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். ஒரே வரி, கூடவே இரண்டு மோதிரப் படம். கட்டைவிரல்கள் மளமளவென்று வந்து விழுந்தன. உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் பயந்துபோனார்.

எல்லாம் கல்யாணத்துக்கு முன் தம்போயில் இருந்த வாடகை வீட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம். நானும் ஸ்டெல்லாவும் சேர்த்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நான்கு பெண்கள், ஒரே குளியலறை. அறிவிப்புச் செய்தால் யார் கேட்டார்கள்? "அலமாக், போடி" என்று சலித்துக்கொள்வார்கள். அப்போதுதான் பள்ளியில் படித்த 'பிரகடனம்' என்ற சொல் எனக்கு ஞாபகம் வந்தது. நாடு சுதந்திரம் பெற்றதைச் சொல்லும் சொல், ராஜாக்கள் வாயில் வரும் சொல். அதை நாங்கள் ஷாம்புச் சண்டைக்கு இழுத்துவந்தோம்.

சட்டம் சுலபம். சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி "பிரகடனம்!" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. சொன்னவரும் சொன்னதை மாற்றக் கூடாது. "இனிமே என் ஷாம்புவ யாரும் தொடக் கூடாது" என்று நான் ஏறிச் சொன்ன நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தா திங்கியிலிருந்து ஸ்டெல்லாவின் அப்பா வந்தார், சட்டைப் பையில் ஒரு மாப்பிள்ளையின் போட்டோவோடு. ஸ்டெல்லாவுக்கோ பொந்தியான் ஊர்க் குமரன்மேல் உயிர். அப்பா இருமினாலே அழுதுவிடும் பெண் அவள். அவர் தேநீர்க் கோப்பையை எடுத்ததும், எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள்.

"பிரகடனம்!"

நாங்கள் மூவரும் துள்ளி எழுந்தோம். ஒருத்தி வாய் நிறைய மீ கோரெங் நூடுல்ஸோடு நின்றாள். நாட்டுப்பண் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பாவும் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"நான் குமரனைத்தான் கட்டிக்கப் போறேன். அவரு அவரோட கோயிலுக்குப் போவாரு, நான் மாதா கோயிலுக்குப் போவேன். அவ்வளவுதான்."

அப்பா வாயைத் திறந்தார். பழக்க தோஷம், நான் முந்திக்கொண்டேன்.

"அங்கிள், பேசக் கூடாது. பிரகடனம்."

"அப்ப நான் என்னலா செய்றது?"

"நீங்களும் ஏறணும், அங்கிள்."

அவர் ஸ்டூலைக் கையால் அழுத்திப் பார்த்தார். மகளை இறங்கச் சொன்னார். நாங்கள் கை கொடுக்க, ஏறினார். தலைக்குமேல் காற்றாடி சுற்றியது, ஓடிப்போய் அணைத்தேன்.

"பிரகடனம்" என்றார். மகள் பக்கம் திரும்பினார். "அடுத்த ஞாயிறு அந்தப் பையனை வீட்டுக்கு வரச் சொல்லு. எனக்குப் பிடிச்சா, தேதி பாப்போம்." பிறகு மெதுவாக, "இப்ப என்னைக் கீழ இறக்குங்கம்மா."

சிரிப்பும் அழுகையுமாக அவரை இறக்கினோம். ஸ்டெல்லா, குமரன் கல்யாணத்தில் கேட்டவர்களிடமெல்லாம், "ஏறிச் சொன்னா மாத்த முடியாதாம், நான் என்ன பண்ண?" என்று அலுத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்த வீடு இப்போது டயர் கடை. ஸ்டூல் எந்தக் குப்பையில் போனதோ. ஸ்டெல்லாவின் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது எதையும் அனுப்பலாம், அனுப்பியதை அழிக்கலாம்.

இரவு ஸ்டெல்லா போன் செய்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நின்னியா?"

"நின்னேன்லா."

"நானும்தான். பஸ்ஸுல."