மடுவத்துத் தராசும் என் இடக்காலும்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

இதைப் படிக்க முன்வந்த தங்களை வணங்கி, ஒன்றை முதலிலேயே அறிவித்துக்கொள்கிறேன். நான் இதில் ஒருவரை மன்னிக்கப் போவதில்லை.

கஹவத்தைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோராண்டுகள் கொழுந்து பறித்தவள் நான். மழை நாளொன்றில் மழைநீர் ஓட மலையில் வெட்டிய கானுக்குள் சறுக்கி விழுந்து இடக்கால் எலும்பு முறிந்தது. சீழ் பிடித்த பகுதியை வெட்டி அகற்றியபின் அந்தக் கால் மூன்று விரற்கடை குட்டையாயிற்று. பின்னர் இரத்தினபுரியில் வைத்தியர்கள் எலும்பை மீண்டும் அறுத்து, ஆணிகள் பாய்ச்சி, காலுக்கு வெளியே ஓர் இரும்புச் சட்டத்தைப் பூட்டினார்கள். அதன் திருகாணியை என் கணவர் நாள்தோறும் நான்கு வேளை சிறிது சிறிதாகத் திருப்புவார். அவர் திருப்பத் திருப்ப, அறுத்த இடைவெளியில் புது எலும்பு வளர்ந்து, இரண்டு மாதங்களில் கால் நீண்டது.

நீண்ட கால் நடக்கும் கால் ஆகிவிடாது. மேலே பாரம் விழுந்தால்தான் புது எலும்பு இறுகும். அளவு மீறினால் வளைந்துவிடும். நடைப் பயிற்சி கொடுத்த மிஸ் சிங்களப் பெண். எனக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசுவார்.

"அம்மே, இருபது கிலோ மட்டும். தராசு மேல கால வச்சு அமுக்குங்க. இருபது எப்படி இருக்குன்னு கால் படிக்கணும். அப்புறம் அதே மாதிரி நடங்க."

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் தராசு ஏது? லயத்துக்குக் கீழே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் ஒரு தரைத் தராசு இருந்தது.

நான் தவறியது இங்கேதான். எங்கள் ஒவ்வொரு மூட்டையிலும் சாக்குக்கும் ஈரத்துக்குமென்று கங்காணி இரண்டு மூன்று கிலோ கழிப்பார். வாய்விட்டுச் சொல்லி, எங்கள் கண்ணெதிரிலேயே கழிப்பார். ஆகவே களவு முழுவதும் அவருடைய பேனாவில் இருக்கிறது, தராசு சத்தியமானது என்றே நாங்கள் நம்பியிருந்தோம். வெளிப்படையாகத் திருடுகிறவன் மறைவாகவும் திருடுவான் என்பது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

இரண்டு ஊன்றுகோல்களுடன் நாள்தோறும் பகல் நிறுவைக்குப்பின் மடுவத்துக்குப் போனேன்.

"என்னக்கா, கால நிறுக்க வந்தீங்களா? இரும்புக் கழிவு ரெண்டு கிலோ வெட்டிரவா?" என்றார் கங்காணி.

"வெட்டுறதுக்கு இன்னும் என்னங்க மிச்சமிருக்கு?" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எண் இருபதைத் தொடும்வரை நான் காலை அழுத்துவதை அருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இரண்டாம் வாரம் கால் கொதித்தது. கிளினிக்கில் மிஸ் என் பாதத்தை அவர்களுடைய தராசில் வைத்து, "இப்ப உங்க இருபது கிலோ குடுங்க" என்றார். பழகியபடியே கொடுத்தேன்.

"அய்யோ அம்மே! இருபத்தாறு!"

எக்ஸ்ரே படத்தில் புது எலும்பு வளைந்திருந்தது. ஒரு மாதம் அந்தப் பாதம் நிலத்தில் படக்கூடாது, சட்டம் இன்னும் மூன்று மாதம் இருக்கும், அதற்குள் இறுகாவிட்டால் மறுபடியும் அறுக்க வேண்டும் என்றார் வைத்தியர்.

திரும்பும் வழியில் கஹவத்தைக் கடையில் பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டு வாங்கினோம். மறுநாள் பெண்கள் மூட்டையோடு வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து, என் கணவர் அவற்றைத் தராசில் வைத்தார். பதினைந்தரை காட்டியது.

பெண்கள் எண்ணைப் பார்க்க நெருங்கி வந்தார்கள்.

"கடக்காரன் ஒங்கள ஏமாத்திட்டான்க்கா" என்றார் கங்காணி.

வரிசையில் முதலில் நின்றவள் மூட்டையை இறக்கினாள். "அப்ப நீங்க ஏறுங்க கங்காணியாரே. ஒங்க எடை ஒங்களுக்குத் தெரியுமில்ல? ஏறுங்க, பாப்போம்."

அவர் ஏறவில்லை. அன்று ஒரு மூட்டையும் நிறுவைக்கு ஏறவில்லை. மூன்றாம் நாள் புதுத் தராசு வந்தது. கங்காணியைத் தோட்டத்தின் வேறு டிவிசனுக்கு மாற்றினார்கள்.

போகுமுன் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் என் வாசலுக்கு வந்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. தராசு தோட்டத்து ஆபீஸ்ல இருந்து வந்தபடிதான் இருந்துச்சு."

"தெரியாமயா ஏற மாட்டேன்னு நின்னீங்க?" என்று கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை. பழத்தையும் வாங்கவில்லை.

மறுபடி அறுக்க நேரவில்லை. எலும்பு வளைந்தபடியே இறுகிவிட்டது. சட்டம் கழற்றிய பின் ஒற்றைக் கோலுடன் நடக்கிறேன். பாதம் வெளிப்புறம் சாய்ந்தே விழுகிறது. மலையேற முடியாது, மடுவம் வரை போய்வர முடியும். நிறுவை நேரத்தில் போய் நின்று, எண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன். புதிய கங்காணிக்கு அது பிடிப்பதில்லை. பிடிக்க வேண்டும் என்று நான் போகவும் இல்லை.

பழைய தராசை எங்கே கொண்டுபோனார்கள் என்று எவரும் சொல்லவில்லை. அது பொய் சொன்னதற்கு என் காலைத் தவிர வேறு சாட்சியில்லை. அந்தச் சாட்சியும் என்னோடு எரிந்துவிடும். ஆகையால், ஐயா, அம்மணி, இந்தத் தாளைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.