மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய பிறகு

"இது நான் கேட்ட நிறமே இல்லீங்க," என்று தைக்கக் கொடுத்திருந்த பெண் சோபா உறையைச் சித்தப்பாவின் கடை மேசைமேல் விரித்தாள்.

"நீங்க காட்டுனது இதத்தான்," என்றார் சித்தப்பா.

உள்ளேயிருந்து தையல்காரர் தலையை நீட்டினார். "அவங்க காட்டுனது பச்சைண்ணே. இந்தத் துணி மிச்சம் கிடக்குதுன்னு நீங்கதான் இதத் தைக்கச் சொன்னீங்க."

சித்தப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு நெற்றியில் பட்பட்டென்று அறைந்துகொண்டார். "எனக்கு வேணும்! நல்லா வேணும்! நான் செத்தாத்தான் எல்லாருக்கும் நிம்மதி!"

"ஐயோ, விடுங்கண்ணே. இதுவே இருக்கட்டும்." அவள் உறையைச் சுருட்டிக்கொண்டு ஓடாத குறையாகப் போனாள்.

"கண்ணாடிய ஏன் சித்தப்பா கழட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன? உடைஞ்சா உங்கப்பாவா வாங்கித் தருவாரு?"

என் அப்பாவின் தம்பி இவர். தையல்காரர் இவருக்கு வைத்த பெயர் மத்தளம். வேறு யாரும் தட்ட வேண்டியதில்லை, தானே வாசித்துக்கொள்ளும் என்பார். வீட்டிலும் இதே கச்சேரிதான். குழம்பில் உப்பு கூடினால் ஓர் அறை. சித்தி தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் இரண்டு. ஒவ்வொரு அறைக்கும் நடுவில் ஓரக்கண்ணால் ஒரு பார்வை, யார் பதறுகிறார்கள் என்று. சித்தி பதறுவாள், என் அப்பா பதறுவார், கேட்டது கிடைத்துவிடும். கோபத்தை அடக்கத் தெரியாத மனிதர் என்று உறவில் சொல்வார்கள். இவ்வளவு ஒழுங்காக அடக்கி, மடக்கி, பையில் போட்டுவிட்டு அடித்துக்கொள்ளும் கோபத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருடைய மகளுக்கு நான்கு வயது. பேச்சு இன்னும் வரவில்லை. சத்தம் மிகும்போதும் தான் கேட்பது மற்றவர்களுக்குப் புரியாமல் போகும்போதும் கதவுக்குப் பின்னால் போய் நின்று முஷ்டியால் தலையில் குத்திக்கொள்வாள். யாரையும் பார்க்க மாட்டாள். கையில் பொம்மை இருந்தால் பொம்மையோடு சேர்த்தே குத்திக்கொள்வாள்.

"அப்பன் படுற பாடு பிள்ளைக்குத் தெரியுது பாரு," என்று சித்தப்பா பெருமைப்பட்டார். அவளுக்குக் காதோரம் வீங்கி, இப்படியே போனால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று மழலையர் பள்ளியில் சொன்ன பிறகுதான் பெருமை அடங்கியது.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான் அவருடைய மொழியும் படித்தவள் என்பதால் மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனார்கள். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளைக்கு உள்ளே எல்லாம் ஒரேயடியாக முட்டும். தன் கையால் விழுகிற அடி ஒன்றுதான் அப்போது அவள் வசத்தில் இருப்பது. அதைப் பிடுங்கினால் போதாது, பதிலுக்கு வேறொன்று கொடுக்க வேண்டும். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் 'போதும்' என்று அர்த்தம் என அவளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். வாரங்கள் போயின. நாங்கள் பிடித்து உயர்த்தினால் உயரும் கை, விட்டால் விழுந்துவிடும்.

ஒருநாள் அந்த அம்மா கேட்டார், வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படித் தங்களை அடித்துக்கொள்வதுண்டா என்று. தமிழில் சொன்னேன். சித்தி தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதுமாக இருந்தது சித்தப்பாவுக்கு.

"ஏன்டி, என்னைக் காட்டிக்கொடுக்கவா கூட்டிட்டு வந்தே?"

மூக்குக்கண்ணாடி கழன்றது, மடங்கியது, பைக்குள் போனது. பட். பட்.

மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது சின்னவள் அவர் முன்னால் வந்து நின்றாள். யாரும் பிடிக்காமல் அவள் கை உயர்ந்தது. உள்ளங்கை விரிந்து அப்படியே நின்றது.

அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தப்பா மகளின் கையைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல அப்படி யாரும் இல்லன்னு சொல்லிடும்மா."